உம்மாவின் முழங்காலும் ஒரு பழைய ஜீப்பும்

ஓடி ஓடித் தேய்ந்த வாகனம் வாங்கிய விலையை விடக் கூடிய விலைக்கு விற்கும் அதிசயத்தை நாம் கண்ணால் கண்டோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களை இறக்க மறுபடியும் அனுமதி வந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடமும் நாட்டுக்குள் இருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறிச் சுற்றின. என்னோடு படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர் ஏழு வருடம் ஓடிய தன் சின்னக் காரை வாங்கியதைப் போல இரண்டு மடங்குக்கு விற்றுவிட்டு, அந்தக் காசுக்கு வேறு கார் எதுவும் கிடைக்காமல் மீண்டும் மோட்டார் சைக்கிளில் வந்தார். அந்தக் காலத்தில், 2024 ஆம் ஆண்டின் முற்பகுதியில், கையில் 38 இலட்சம் ரூபாயை வைத்துக்கொண்டு நான் ஒரு சிறிய பழைய ஜீப் தேடினேன்.

அதற்குப் பிறகு என்னிடம் வந்து, "சேர், நீங்க எப்படிப் பார்த்து எடுத்த?" என்று கேட்டவர்கள் பத்துப் பேருக்குக் குறையாது. பெரும்பாலும் ஆசிரியர்கள், ஒருவர் பள்ளிவாசல் கதீப். வாய்ச்சொல்லாகப் பத்துத் தடவை சொன்னதை ஒரு தடவை எழுதி வைப்போம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காசு யாருடையது என்பதைச் சொல்லவேண்டும். அது என்னுடையதல்ல. மனைவிக்கு அவருடைய உம்மா வழியில் வந்த ஒரு துண்டு வயலை விற்ற காசு. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் செய்து வைக்கிறோம். அது சரியா பிழையா என்று இந்தச் சஞ்சிகை போன்ற ஏடுகளில் எவ்வளவோ எழுதியாயிற்று. எழுதியவர்களும் தங்கள் மகள்மாருக்கு வீடு கட்டிக்கொண்டுதான் எழுதினார்கள். எங்கள் மகள் அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வளவில் அத்திவாரம் போட்டு, கல்லும் பறித்து, அதற்கு மேல் ஒரு வரிசை எழும்பாமல் நின்றது. வயல் விற்ற காசு அந்தச் சுவருக்கானது.

அந்தக் காசை எடுத்து ஜீப் வாங்கலாம் என்று முதலில் சொன்னது மனைவிதான். நான் அல்ல. அவ்வளவு தைரியம் எனக்குக் கிடையாது.

காரணம் உம்மா. அவருக்கு எழுபத்தாறு வயது. இரண்டு முழங்காலும் மடங்காது. நெஞ்சு வருத்தமும் இருக்கிறது. மாதம் ஒரு தடவை கல்முனைக்குக் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும். திரிவீலில் ஏறுவதற்கு உடம்பைக் கூனி, காலை மடக்கி, தலையைக் குனிந்து நுழையவேண்டும். அதற்குள் அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். 2023 மார்கழியில் ஓர் இரவு மூச்சு முட்டியது. நல்ல மழை. எங்கள் ஒழுங்கையில் முழங்கால் அளவு சேறு. திரிவீல் தம்பி முச்சந்தி வரை வந்துவிட்டு, "சேர், இதுக்கு மேல வந்தா நான் திரும்பிப் போகேலாது" என்றான். அவன் சொன்னதில் பொய்யில்லை. உம்மாவை பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி நானும் மச்சானும் தூக்கிக்கொண்டு முச்சந்திக்குப் போனோம். நூற்றைம்பது யார் தூரம். அடுத்த நாள் காலையில் மனைவி சொன்னார்: "சுவர் ரெண்டு வருஷத்துக்குப் பொறகும் எழும்பும். மாமி ரெண்டு வருஷம் இந்தக் கதிரையில போவாவா?"

இரண்டாவது காரணம் என் பாடசாலை. வீட்டிலிருந்து பதினான்கு கிலோமீற்றர். அதில் கடைசி ஐந்து கிலோமீற்றர் வாய்க்கால் ஓரமாகக் கிரவல் பாதை. கோடையில் தூசி, மாரியில் உழவு இயந்திரங்களின் சில்லுத் தடம் ஒரு முழ ஆழத்துக்கு. விடியற்காலையில் யானை நிற்பதும் உண்டு. ஆனால் இந்தக் காரணத்துக்கு மட்டுமென்றால் மோட்டார் சைக்கிளே போதும். இருபது வருடமாக அதில்தான் போய்வந்தேன்.

ஏன் கார் அல்ல, ஏன் ஜீப் என்பது இப்போது விளங்கியிருக்கும். சந்தியில் நிற்கும் எல்லாரும் சொன்னது, "சேர், சின்னக் காரொண்டு எடுங்க, பெற்றோல் மிச்சம்" என்பதுதான். பெற்றோல் மிச்சம் என்பது சின்ன விஷயமல்ல. 2021 டிசம்பரில் 177 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் 2022 ஜூன் கடைசியில் 470 ரூபாயானதை நாம் மறக்கவில்லை. அந்த ஜூலையில் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று அளந்து தந்தார்கள். செற்றில் இரண்டு இரவு படுத்தெழும்பியவன் நான். ஆனாலும் காரின் கதிரை உம்மாவுக்குக் கிணற்றுக்குள் இறங்குவது போல இருந்தது. பரீட்சித்துப் பார்த்தோம். உட்கார்ந்துவிடுவார், எழுப்ப இரண்டு பேர் வேண்டும். பெரிய ஜீப் என்றால் நேர்மாறு. ஏறுவதற்கு ஏணி வேண்டும். அவருடைய இடுப்புக்குச் சரியாக, பின்னால் திரும்பி நின்று அப்படியே சாய்ந்து அமரக்கூடிய உயரத்தில் ஒரு கதிரை இருக்கவேண்டும். நான் தையல் நாடாவால் உம்மாவின் இடுப்புயரத்தை அளந்து ஒரு துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வாகனத் தரகர்கள் அந்தத் துண்டைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர்கள் விற்பது எஞ்சின். நான் வாங்கப் போனது கதிரை.

சின்ன ஜீப் என்று நம் நாட்டில் கிடைப்பவை அதிகமில்லை. அந்தக் காசுக்கு எட்டியவை இன்னும் குறைவு.

சுசுகி ஜிம்னியை எல்லோரும் புகழ்வார்கள். புகழத் தக்கதுதான். ஏணிச் சட்டம் போன்ற தனிச் சேசிஸ், பாரம் குறைவு, சேற்றில் ஆடு மாதிரி ஏறும். 1998 இல் வந்த அந்த வடிவம் இருபது வருடம் பெரிதாக மாறாமலே உற்பத்தியானது. ஆகவே உதிரிப்பாகத்துக்குக் குறைவில்லை. ஆனால் இரண்டே கதவு. பின்னால் ஏற முன் கதிரையை மடித்து நுழையவேண்டும். உம்மாவை முன்னால் வைத்தால் மனைவியும் பிள்ளைகளும் ஒவ்வொரு முறையும் சர்க்கஸ் காட்டவேண்டும். அதோடு பழைய ஜிம்னிகளில் முன் அச்சின் பெயரிங்குகள் தேய்ந்தால், ஒரு குழியில் விழுந்தெழும்பியதும் ஸ்டியரிங் காய்ச்சல் கண்டவன் போல நடுங்கத் தொடங்கும். திருத்தலாம், ஆனால் திருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கக்கூடாது.

மிட்சுபிஷி பஜேரோ மினி பார்க்க அழகு. 660 சீசீ எஞ்சின், நான்கு பேருக்கு இடம். நாங்கள் ஐந்து பேர். அதோடு அந்தச் சின்ன எஞ்சினிலிருந்து வலு எடுப்பதற்காக டேர்போ பூட்டியவையே அதிகம். இருபத்தைந்து வருடப் பழைய டேர்போவை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

சுசுகி எஸ்குடோ, அதுதான் வெளிநாட்டுப் பெயரில் விட்டாரா, 1988 இலிருந்து வருவது. 1600 சீசீ. ஐந்து கதவுள்ளதும் உண்டு. உறுதியானது. எனக்கு முதலில் ஆசை இதில்தான் இருந்தது. இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: நான்கு சில்லும் இழுக்கும் வசதி தேவைப்படும்போது மட்டும் போடுவதற்கானது. தார் வீதியில் அதைப் போட்டுக்கொண்டு ஓடினால் முன் சில்லும் பின் சில்லும் வளைவுகளில் வெவ்வேறு தூரம் ஓடப் பார்த்து, ஓடமுடியாமல் கியருக்குள் முறுகும். நம்மவர் பலர், "ஃபோர்வீல் எண்டா கூடுதல் பாதுகாப்பு" என்று மழை நாளில் தார் வீதியில் போட்டு ஓட்டியே அதைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள்.

டைஹட்சு டெரியோஸ் 1997 இல் வந்தது. ஜப்பானில் இதையே டொயோட்டா 1999 இலிருந்து கெமி என்ற பெயரிலும் விற்றது. 1300 சீசீ, ஐந்து கதவு. அகலம் ஒன்றரை மீற்றருக்குச் சற்றுக் கூட. எங்கள் ஒழுங்கைக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல. நான்கு சில்லும் எந்நேரமும் இழுக்கும். நடுவில் ஒரு டிஃபரென்ஷியல் இருப்பதால் தார் வீதியிலும் முறுகாது. சேற்றில் அகப்பட்டால் அந்த நடு டிஃபரென்ஷியலைப் பூட்டுவதற்கு ஒரு பொத்தான் உண்டு. குறை என்னவென்றால் பெற்றோல் குடிக்கும், உள்ளே ஒடுக்கம், நெடுவீதியில் லொறியை முந்தப் போனால் கலிமாவை ஒரு தடவை சொல்லிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றையும் சொல்லவேண்டும். எந்தப் பெயர் நல்லது என்பது புது வாகனம் வாங்குபவனுக்குரிய கேள்வி. இருபத்தைந்து வயது வாகனத்தில் பெயர்ப் பலகையை விட, கடைசியாக வைத்திருந்தவரின் கையே பெரிது. இதை எனக்குச் சொல்லித் தந்தவன் என் பழைய மாணவன்.

அவன் ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் கணிதம் படித்தவன். படித்தான் என்பதை விட, இருந்தான் என்பதே பொருத்தம். சாதாரண தரத்தில் கணிதம் சரிவரவில்லை. இன்று ஊரில் அவனுடைய கராஜில் எப்போதும் ஏழெட்டு வாகனம் நிற்கும். என்னை விட இரண்டு மடங்கு உழைப்பான். "பாஸ்" என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்; நான் மட்டும் பெயர் சொல்வேன். நான் காசைச் சொன்னதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "சேர், எவ்வளவுக்கு எடுக்கப் போறீங்க எண்டு கேக்கல்ல. எடுத்த பொறகு கையில எவ்வளவு இரிக்கும்?" என்பது.

அவனுடைய கணக்கு இதுதான்: பழைய வாகனத்துக்கென்று வைத்த காசில் பத்தில் ஒரு பங்கையாவது தொடாமல் வைக்கவேண்டும். வாங்கிய முதல் மாதத்திலேயே பெல்ட், பிரேக், ரயர், றேடியேற்றர் என்று அது போய்விடும். கையிலுள்ள முழுக் காசையும் விலையாகக் கொடுத்துவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாகத் தள்ளிப்போடுபவனிடம்தான் நல்ல வாகனமும் நாசமாகிறது என்றான். ஆகவே 38 இலட்சம் என்பது எங்களுக்கு 34 இலட்சமானது. லீசிங் என்ற பேச்சே எடுக்கவில்லை. வட்டி ஒரு புறம். அவ்வளவு பழைய வாகனத்துக்கு லீசிங் தர முன்வருபவர்களும் குறைவு.

வாகனம் பார்க்கும் வித்தையை அவனிடம் நான் மாணவனாக இருந்து படித்தேன். சிலவற்றைச் சொல்கிறேன். பார்க்கப் போவதை விடியற்காலையில் வைத்துக்கொள்ள வேண்டும். போனதும் எஞ்சின் மூடியில் கை வைத்துப் பார்க்கவேண்டும். சூடாக இருந்தால், நாம் வருமுன் ஓட்டி இளக்கி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்து கிடக்கும் எஞ்சினை உயிர்ப்பிக்கும் முதல் அரை நிமிடத்தில்தான் நீலப் புகையும் தட்டும் சத்தமும் வெளியே வரும். றேடியேற்றர் மூடியைக் குளிர்ந்த நிலையில் திறந்து விரலை விடவேண்டும். பால் தேநீர் நிறத்தில் ஒட்டினால் எண்ணெயும் தண்ணீரும் கலந்திருக்கின்றன. நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். மீற்றர் காட்டும் கிலோமீற்றரை நம்பக்கூடாது. பிரேக் பெடலின் இறப்பரையும் ஸ்டியரிங்கின் தேய்வையும் சாரதிக் கதிரையின் விளிம்பையும் நம்பலாம். ஆசனப் பட்டியை அடிவரை இழுத்தால் அதில் தைத்த துண்டில் உற்பத்தித் திகதி இருக்கும். பட்டியின் அடியில் சேற்று வரி இருந்தால் வாகனம் வெள்ளத்தில் கிடந்தது. எல்லாக் கண்ணாடிகளிலும் ஒரே கம்பனியின் முத்திரை இருக்கிறதா பார்க்கவேண்டும். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தப் பக்கத்தில் ஏதோ நடந்திருக்கிறது. ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 3118 என்றால் 2018 ஆம் ஆண்டின் 31 ஆம் வாரம். பூ நன்றாக இருக்கிறதே என்று எட்டு வருட ரயருக்கு விலை கொடுக்கக்கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலே கீழே படுக்கவேண்டும். கரையோரத்தில் ஓடிய வாகனங்களை உப்புக் காற்று அடியிலிருந்து தின்கிறது. மேலே பெயின்ட் பளபளக்கும். ஒரு பழைய சாரனை எடுத்துப் போய், விரித்து, டோர்ச் அடித்துக்கொண்டு அடியில் நுழையவேண்டும். வெள்ளைச் சட்டையோடு வாகனம் பார்க்கப் போகும் ஆசிரியனைத் தரகர்களுக்கு மிகவும் பிடிக்கும்.

பத்திரங்களைப் பார்ப்பதில் மட்டும் அவனை விட நான் கெட்டிக்காரன். பதிவுப் புத்தகத்திலுள்ள சேசிஸ் இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வாகனத்தோடு ஒப்பிடுவது, உரிமையாளர் என்ற இடத்தில் நிதிக் கம்பனியின் பெயர் இன்னும் கிடக்கிறதா என்று பார்ப்பது, உற்பத்தி ஆண்டையும் பதிவு ஆண்டையும் வேறு வேறாக வாசிப்பது. 'ஓபன் பேப்பர்' என்று முந்தியவர் கையெழுத்தோடு நாலு பேரிடம் கைமாறி வந்த வாகனங்கள் மூன்றைக் கண்டேன். மூன்றையும் விட்டேன். விலை குறைவுதான். ஆனால் முதல் உரிமையாளர் எங்கே இருக்கிறார், உயிரோடு இருக்கிறாரா என்பது எவருக்கும் தெரியாத வாகனத்தை என் பெயருக்கு மாற்ற எவன் வந்து ஒப்பமிடுவான்?

பதினொரு வாகனம் பார்த்தோம். கரையோர நகரம் ஒன்றில் பார்த்த எஸ்குடோ மறக்காது. குங்குமச் சிவப்பில் புதுப் பெயின்ட், புதுக் கதிரை உறை, உள்ளே அத்தர் வாசம். என் மனம் அதில் விழுந்துவிட்டது. பாஸ் ஒன்றும் பேசாமல் சாரனை விரித்தான். வெளியே வந்தவன் என்னையும் கூப்பிட்டு உள்ளே பார்க்கச் சொன்னான். சேசிஸின் பின் பகுதியில் ஒரு முழ நீளத்துக்குத் தகடு வைத்து ஒட்டி, அதற்கு மேல் தார் பூசியிருந்தார்கள். பிறகு கிரவல் பாதைக்குக் கொண்டுபோய் ஃபோர்வீல் லீவரை இழுத்தான். லீவர் வந்தது, முன் சில்லு வரவில்லை. விற்பவர், "அது இந்த ஊருக்குத் தேவைப்படாதே" என்றார். 36 இலட்சம் சொன்னார்.

நாங்கள் எடுத்தது ஹசலக்கவுக்குப் பக்கத்தில். கல்முனையிலிருந்து கண்டி போகும் பஸ்ஸில் ஏறி, மஹியங்கனை தாண்டி இறங்கினோம். விற்பவர் ஓய்வுபெற்ற சிங்களத் தபாலதிபர். எழுபதைத் தாண்டியவர். கண் பார்வை குறைந்ததால் ஓட்டுவதை விட்டிருந்தார். முற்றத்தில் 1998 ஆம் ஆண்டு டெரியோஸ். பெயின்ட் மங்கி, முன் பம்பரில் ஒரு கீறல். அதைத் திருத்தாமலே வைத்திருந்தார். நான் பாதிச் சிங்களத்தில், "ஏன் மாத்தயா இதைப் பெயின்ட் அடித்து விற்கவில்லை?" என்று கேட்டேன். "அடித்தால் நீங்கள் கீழே என்ன இருக்கிறது என்று சந்தேகப்படுவீர்கள்" என்றார்.

பிறகு உள்ளே போய் ஒரு அப்பியாசக் கொப்பியைக் கொண்டுவந்தார். நாற்பது தாள் கொப்பி. பாடசாலைப் பிள்ளைகள் பாவிப்பது. 2006 இல் அவர் அந்த வாகனத்தை வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு ஒயில் மாற்றமும், ஒவ்வொரு பிளக்கும், திகதி, கிலோமீற்றர், விலையோடு. தபால் கந்தோர்க் கையெழுத்து. ஒரு வெட்டுக்கூட இல்லை. அந்த வருட டெரியோஸின் எஞ்சினில் டைமிங் பெல்ட்தான் உண்டு. 2000 க்குப் பிறகு வந்த எஞ்சினில்தான் சங்கிலி. பெல்ட்டை ஏறக்குறைய ஓர் இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டும். எப்போது மாற்றியது என்று கேட்டால் வேறெவரும், "இப்பதான்" என்பார்கள். இவர் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். மாற்றும் காலம் நெருங்கியிருந்தது. அதையும் அவரே சொன்னார். பின்பக்க ஒயில் சீல் கசிவதையும் சொன்னார்.

பாஸ் திருப்திப்படுபவன் அல்ல. "பதினெட்டு வளைவுக்கு ஏத்திப் பார்ப்பம்" என்றான். ஹசலக்கவிலிருந்து கண்டிப் பக்கம் போகும் அந்த மலைப்பாதையை விடச் சிறந்த பரிசோதனைச்சாலை இலங்கையில் எதுவுமில்லை. மூவரும் ஏறினோம். ஏசியைப் போட்டுக்கொண்டு மேலே வரை. முந்தவரும் பஸ்களுக்கெல்லாம் இடம் விட்டு மெதுவாகத்தான் ஏறியது. ஆனால் சூட்டு முள் நடுவிலிருந்து அசையவில்லை. உச்சியில் நிறுத்தி, பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டு, பாஸ் என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினான். அவர் கேட்டது 36. கொப்பியிலுள்ள பெல்ட்டையும் சீலையும் அவர் முன்னாலேயே கூட்டிக் காட்டினேன். 34 க்கு இணங்கினார். கொப்பியையும் தரவேண்டும் என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டுத் தந்தார்.

வீட்டுக்கு வந்ததும் உம்மாவை வெளியே கூட்டி வந்தோம். நாடாவும் துண்டும் தேவைப்படவில்லை. பின்னால் திரும்பி நின்றார், சாய்ந்தார், இருந்துவிட்டார். காலை மட்டும் மகள் தூக்கி உள்ளே வைத்தாள். "மனே, இது எனக்குத் தோதாத்தான் இரிக்கி" என்றார். மறுகிழமையே உரிமை மாற்றத்துக்குக் கொடுத்தேன். பெல்ட், தண்ணீர்ப் பம்பு, சீல், முன் பிரேக், இரண்டு ரயர் என்று மூன்று இலட்சத்து நாற்பதாயிரம் போனது. பாஸின் பத்தில் ஒரு பங்கு ஏறக்குறையச் சரியாக வந்தது, கணிதத்தில் தவறியவன். தாங்கியை நிரப்பி, ஓடி, மறுபடி நிரப்பி அளந்தால் லீற்றருக்கு ஒன்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட ஓடுகிறது. ஆகவே பாடசாலைக்கு இன்றும் மோட்டார் சைக்கிள்தான். மாரியில் மட்டும் ஜீப். காசில்லாதவன் ஜீப் வைத்திருப்பதற்கு இது ஒன்றுதான் வழி.

இனி, ஜீப் வாங்குபவர்களுக்கு வாங்குவதை விடப் பெரிதாக நான் சொல்ல நினைப்பது ஒன்றுண்டு. 2024 நவம்பர் வெள்ளத்தை இந்தப் பிரதேசத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். 26 ஆம் திகதி காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடைப்பட்ட வீதியில் மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டது. வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகள் மையித்தாக வந்தார்கள். உம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகும் வழியும் அதுவே.

அந்த வாரம் உம்மாவின் குளிசை முடியும் தறுவாயில் இருந்தது. அதற்கு முதல் நாள் பக்கத்து வீட்டுக் காக்கா வந்து, "ஜீப்தானே சேர், நாலு சில்லும் இழுக்குமே, மெதுவாப் போயிட்டு வரலாம்" என்றார். நல்ல மனதோடு சொன்னார். நான் போகவில்லை. நான்கு சில்லும் இழுப்பது, சில்லு தரையைப் பிடித்திருக்கும் வரைக்கும்தான். குளிசையை இரண்டு நாள் கழித்து ஊரிலேயே ஒரு பாமசியில் தேடி எடுத்தோம்.

பாடசாலை திறந்ததும் ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையில் அந்தக் கணக்கைப் போட்டேன். எங்கள் ஜீப்பின் அகலம் ஏறக்குறைய ஒன்றரை மீற்றர். நீளம் மூன்றே முக்கால் மீற்றர் என்று வைப்போம். வெள்ளம் அடித்தட்டுக்கு மேல் 20 சென்ரிமீற்றர், அதாவது ஒரு சாண், ஏறினால் வாகனம் விலக்கும் நீர் எவ்வளவு? பெருக்கச் சொன்னேன். 1,125 லீற்றர். ஒரு லீற்றர் ஒரு கிலோ. ஜீப்பின் எடை ஆயிரம் கிலோவுக்குச் சற்றுக் கூட. சில்லு இருக்கும் இடம் வெட்டுண்டு போகும், கதவிடுக்கால் நீர் உள்ளே வரும், ஆகவே கணக்குக் கரடுமுரடானது என்பதையும் சொன்னேன். ஆனால் முழுதாக மிதக்கவேண்டிய அவசியமில்லை. எடையில் பாதியை நீர் தூக்கிவிட்டாலே சில்லு தரையை விடத் தொடங்கும். பக்கவாட்டில் ஓடும் நீர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆக்கிமிடிசை இருபது வருடமாகப் படிப்பித்திருக்கிறேன். அன்றுதான் வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. பின் வரிசையிலிருந்த பையன் ஒருவன் எழும்பி, "சேர், உழவு மெசினுக்கும் போட்டுக் காட்டுங்க" என்றான். அந்த மத்ரஸாவில் அவனுக்குச் சொந்தக்காரப் பிள்ளையொன்று ஓதியதாம். போட்டுக் காட்ட எனக்குக் கை வரவில்லை. பிறகொரு நாள் பார்ப்போம் என்றேன்.

2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்ததும், "இனி விலை விழும், விழுமுன் வித்துப் போடுங்க" என்று தரகர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். வந்த புது வாகனங்களின் வரியைப் பார்த்தால் அது என்னைப் போன்றவர்களுக்கான கதவல்ல என்பது தெரிந்தது. விற்கவில்லை.

மகளின் வீடு இன்னும் அத்திவாரத்தில்தான். கல்லில் பாசி படிந்திருக்கிறது. சென்ற சிறுபோகத்தில் கிடைத்த காசில் யன்னல் நிலை இரண்டுக்கு மரம் எடுத்து வைத்தோம். பரீட்சை முடிந்து வீட்டிலிருக்கும் அவள்தான் இப்போது ஜீப்பின் கொப்பியை எழுதுகிறாள். தபாலதிபரின் சிங்களக் கையெழுத்து முடிந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் கோடு போட்டு, திகதி, கிலோமீற்றர், விலை என்று தமிழில். போன மாதம் பின் ஷொக் அப்சோர்பர் இரண்டும் மாற்றினோம். அடுத்தது ஸ்டியரிங் பக்கத்து இறப்பர் என்று பாஸ் சொல்லியிருக்கிறான். மாரிக்கு முன் செய்யவேண்டும்.